எந்தக் கட்சி என்று கேட்டால்: டப்ளினுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டிருப்பவை நான்கு கேள்விகள். வாடகைக்கு வீடு எப்படிப் பிடிப்பது, குளிருக்கு எந்த மாதிரி கோட்டு வாங்குவது, ஊரிலிருந்து குக்கர் கொண்டு வரலாமா என்பவை மூன்று. நான்காவதைக் கூச்சத்தோடு கடைசியில் ஒட்டியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில், இப்போதுதான் பெயர் எடுத்துக்கொண்டிருக்கும் ஓர் ஐரிஷ் இசைக்குழுவைப் பற்றி தினமும் சண்டை. அறுபதுகளின் பாணியில் பாப் பாடுகிற பையன்களாம். பாதிப் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், மீதிப் பேர் போலிகள் என்று ஏசுகிறார்கள். உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்கள், நீங்கள் திருதிருவென்று விழித்தீர்கள். அதற்குள் ஒரு புண்ணியவான் வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிட்டார். போவதா, போனால் என்ன பேசுவது என்று கேட்கிறீர்கள்.

முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குக்கரைக் கொண்டு வாருங்கள், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக எடுத்து வையுங்கள். கோட்டு எதுவானாலும் தலையை மூடும் தொப்பியோடு இருக்கட்டும். குடைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், இந்த ஊர்க் காற்று முதல் வாரத்திலேயே அதைத் திருப்பிப் போட்டுவிடும். வாடகை பற்றி என்னிடம் பேசாதீர்கள், எனக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. நான்காவதற்கு வருகிறேன்.

நான் 2003 மே மாதம் நாகர்கோவிலிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்தவள். ஊரில் பத்து வருடம் ஐ.சி.யு.வில் நின்ற அனுபவம் இருந்தது. இங்கே பதிவு கிடைக்கும் வரை மேற்பார்வையில்தான் வேலை பார்க்க வேண்டும் என்பது விதி. என்னைவிட வயதில் சிறிய பெண் ஒருத்தி கையில் அட்டையோடு பின்னாலேயே வந்து, எனக்குக் கை கழுவத் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து டிக் அடிப்பாள். அந்த மருத்துவமனையின் பெயர் இப்போது எதற்கு, விடுங்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இரவுப் பணியின் தேநீர் அறைதான். விடியற்காலை மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தால் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக டோஸ்ட், பெரிய டப்பாவில் வெண்ணெய், ஓயாமல் கொதிக்கும் கெட்டில், ஒரே சமயத்தில் பேசும் ஆறு பேர். ஒரு வார்த்தை பிடிபடாது. எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன்.

அந்தக் கோடை முழுக்க அங்கே ஓடிய சண்டையும் ஓர் இசைக்குழுவைப் பற்றியதுதான். ‘தி த்ரில்ஸ்’ என்று பெயர். டப்ளினுக்குத் தெற்கே பிளாக்ராக் பக்கத்துப் பையன்கள், ஐந்து பேர். முதல் ஆல்பம் அந்த வருடம்தான் வந்தது. அயர்லாந்தில் முதலிடம், பிரிட்டனில் மூன்றாம் இடம். பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் வருடத்தின் சிறந்ததற்குக் கொடுக்கும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம் பிடித்தார்கள், ஆனால் பரிசை டிஸ்ஸி ராஸ்கல் என்ற லண்டன் பையன் தட்டிக்கொண்டு போனான். டப்ளின் பையன்கள் பாடியதோ முழுக்க முழுக்கக் கலிஃபோர்னியா. கடற்கரை, வெயில், சான்டா குரூஸ், பிக் சர். பாஞ்ஜோவும் மவுத் ஆர்கனும் பியானோவும் சேர்ந்து ஓட, பின்னால் பீச் பாய்ஸ் பாணியில் அடுக்கடுக்காகக் கூட்டுக்குரல். ஒரு பாட்டில் அறுபதுகளின் மங்கீஸ் குழுவினுடைய அறிமுகப் பாட்டிலிருந்தே ஒரு வரியை எடுத்துக் கோத்திருந்தார்கள். சான் டியாகோவில் ஒரு கோடைக்காலம் தங்கிவிட்டு வந்தவர்கள் அவர்கள். தலைக்கு ஏறிய வெயில் இறங்கவே இல்லை.

எங்கள் போர்ட்டர் ஃபிங்ளஸ்காரர், அதாவது லிஃபி ஆற்றுக்கு வடக்கே. அவருக்கு இந்தப் பையன்களின் பெயரைக் கேட்டாலே ஆகாது. “பிளாக்ராக்கில் பிறந்தவனுக்கு அமெரிக்க உச்சரிப்பு எங்கிருந்து வந்தது? அப்பன் காசில் விடுமுறைக்குப் போய்விட்டு வந்து, போன ஊரைப் பாட்டாகப் பாடுகிறான்” என்பார். அவருக்குப் பாட்டு என்றால் அஸ்லான், ஏனென்றால் அதன் பாடகர் கிறிஸ்டி டிக்னம் ஃபிங்ளஸில் வளர்ந்தவர். இன்னும் பின்னால் போனால் டப்ளினின் பழைய நாட்டுப்புறப் பாடகர் லூக் கெல்லி. டப்ளின் குரல் என்றால் டப்ளின் மாதிரி ஒலிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

வார்டு கிளார்க் டன் லேரி பக்கத்துப் பெண், அதாவது பிளாக்ராக் இருக்கும் அதே தெற்குக் கடற்கரை. அவள் மறுகட்சி. “இந்த ஊரில் கிட்டாரைத் தொட்டவனெல்லாம் அழுகிறான்” என்பாள். அப்போது டேமியன் ரைஸும் ‘தி ஃப்ரேம்ஸ்’ குழுவும் உச்சத்தில் இருந்த நேரம், அழுகைக்குப் பஞ்சமே இல்லை. “கேட்டால் மனம் லேசாகிற ஒரு குழு வந்திருக்கிறது, அதையும் உங்களுக்குப் பொறுக்கவில்லை.” சொல்லிவிட்டு ஆல்பத்தைப் பிரதி எடுத்து எனக்கும் ஒரு சி.டி. கொடுத்தாள். கட்சிக்கு ஆள் சேர்க்கிறாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இருவரையும் வாயடைக்க வைத்தவர் ரோஸ்காமனிலிருந்து வந்த வயதான உதவியாளர் அம்மா. அவருடைய இளமை ஷோபேண்டுகளின் காலம். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகள் வரை, ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி சூட்டுப் போட்டுக்கொண்டு, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்த வாரம் ஓடுகிற பாட்டுகளை அச்சு அசலாக வாசிப்பார்கள். ஊருக்கு ஊர் நடன மண்டபம். உள்ளே மது கிடையாது, கலர் சோடாதான். பெண்கள் ஒரு பக்கச் சுவர், ஆண்கள் எதிர்ப் பக்கச் சுவர். தவக்காலத்தில் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும் என்பதால் அந்தக் குழுக்கள் இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள ஐரிஷ்காரர்களுக்கு வாசிக்கும். ராயல் ஷோபேண்ட் 1962-இல் லிவர்பூலில் வாசித்தபோது, அவர்களுக்கு முன்னால் மேடையேறிய துணைக்குழு பீட்டில்ஸ் என்பதை அந்த அம்மா தன் வீட்டுப் பெருமை போலச் சொல்வார். பின்னாளில் பிரதமரான ஆல்பர்ட் ரெனால்ட்ஸும் அவருடைய அண்ணனும் கட்டி நடத்திய மண்டபங்களின் பெயர்களைக் கேளுங்கள்: கிளவுட்லேண்ட், ட்ரீம்லேண்ட், ரோஸ்லேண்ட். சுற்றிலும் சேறும் மாடும், உள்ளே அமெரிக்கா. “இந்தப் பையன்கள் செய்வதில் புதிதாக என்ன கண்டீர்கள்? நாங்கள் எல்விஸைப் பார்த்ததில்லை, ராயல் ஷோபேண்டில் பாடிய எங்கள் நாட்டு பிரெண்டன் போயரைப் பார்த்தோம். போதுமானதாக இருந்தது” என்று சொல்லிவிட்டு டோஸ்டுக்கு வெண்ணெய் தடவப் போய்விடுவார்.

எனக்கு அந்த அம்மா பேசியதுதான் முதலில் புரிந்தது. எங்கள் பக்கம் கோவில் கொடையானாலும் பங்குத் திருவிழாவானாலும் கடைசி இரவு இன்னிசைக் கச்சேரி உண்டு. பாடுகிறவனுக்குக் கிடைக்கும் உச்சகட்டப் பாராட்டு “அப்படியே டி.எம்.எஸ்.!” என்பதுதான். நகல் எடுப்பதை எங்கள் ஊரில் யாரும் குற்றமாகச் சொன்னதில்லை, சுருதி விலகினால்தான் கல் விழும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு, “போலி” என்ற வார்த்தைக்கு இங்கே இவ்வளவு சூடு எதற்கு என்பது பிடிபடக் கொஞ்ச நாள் ஆயிற்று.

பிடிபட்டது இதுதான், தம்பி. அந்த மேசையில் பாட்டைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. நீ ஆற்றுக்கு எந்தப் பக்கம், உன் அப்பாவுக்கு என்ன வேலை, எந்தப் பள்ளியில் படித்தாய், விடுமுறைக்கு அமெரிக்கா போக உனக்கு வழி இருந்ததா, இவைதான் சண்டை. நேராகக் கேட்டால் நாகரிகமில்லை என்பதால் பாடகரின் உச்சரிப்பு வழியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் கோடை விசாவில் அமெரிக்கா போய் வேலை பார்த்து ஊர் சுற்றிவிட்டு வருவது இங்கே பழைய வழக்கம். எங்கள் போர்ட்டருக்கு அது வாய்க்கவில்லை. பதினாறு வயதிலேயே வேலைக்கு வந்துவிட்டவர். அவர் காதில் அந்த வெயில் பாட்டு வேறு மாதிரி விழுந்ததில் என்ன வியப்பு?

அதனால்தான் எச்சரிக்கிறேன். உங்கள் மேசையில் யார் எந்த ஊர், எந்தப் பேட்டை என்று தெரியும் வரை கட்சி எடுக்காதீர்கள். முக்கியமாக, ஏசுகிற கட்சியோடு சேர்ந்து ஏசாதீர்கள். தன் நாட்டுக் குழுவை ஐரிஷ்காரர் கிழிகிழியென்று கிழிப்பார், நீங்கள் கிழித்தால் முகம் மாறிவிடும். என்னோடு வேலை பார்த்த கேரள நர்ஸ் ஒருத்தி கெட்டிக்காரி, ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுவாள். போர்ட்டர் சொன்னதைக் கேட்டு, “ஆமாம், குப்பை” என்று அவளும் ஒரு வார்த்தை போட்டாள். அறை அமைதியாகிவிட்டது. இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த அதே போர்ட்டர், “அப்படியொன்றும் மோசமில்லை” என்று பையன்களுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்தார். அதன் பிறகு அவளை நேரில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லாததுதான் இங்கே தண்டனை.

எதற்கெடுத்தாலும் “சூப்பர், அருமை” என்று தலையாட்டுவதும் உதவாது. முகத்துக்கு நேரான புகழ்ச்சி இவர்களுக்கு அலர்ஜி. ஐ.டி. கம்பெனிகளில் நம் பிள்ளைகள் பலர் இந்த வகை. இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு: “எனக்குத் தமிழ்ப் பாட்டு மட்டும்தான்” என்று கதவைச் சாத்திவிட்டுச் சோற்றுப் பெட்டியைத் திறப்பவர்கள். இருபது வருடமாக இங்கே இருந்துகொண்டு லூக் கெல்லி யார் என்று தெரியாத தமிழர்களை எனக்குத் தெரியும். அவருக்கு 2019-இல் ஒரே நாளில் இந்த நகரத்தில் இரண்டு சிலைகள் திறந்தார்கள், ஒன்றைக் கூடவா பார்த்திருக்க மாட்டார்கள்? ஆனால் பொங்கல் விழாவில் யார் முதல் வரிசையில் உட்காருவது என்பதற்கு இரண்டு சங்கமாகப் பிரியத் தெரியும். மலையாளிகளைக் குறை சொல்வோம், அவர்கள் ஓணத்துக்கு ஐரிஷ்காரர்களையும் கூப்பிட்டு இலை போட்டுவிடுகிறார்கள். என்னையும் மலையாளி என்றே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கிளார்க் கொடுத்த சி.டி.யைக் கேட்டேன். பிறகு ஒரு விடுமுறை நாளில் டார்ட் என்கிற கடலோர நகர ரயிலில் ஏறி, அந்தப் பையன்கள் எப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தார்கள் என்று பார்க்க பிளாக்ராக்கில் இறங்கினேன். ரயில் நிலையத்தை ஒட்டிக் கடலுக்குள் பழைய நீச்சல் குளம் ஒன்று பாழடைந்து கிடந்தது. நடுவே குதிப்பதற்கான கான்கிரீட் மேடை, விளிம்பெல்லாம் பெயர்ந்து, உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. (பிறகு இடித்துவிட்டார்கள், இப்போது போனால் பார்க்க முடியாது.) தூரத்தில் பூல்பெக் மின் நிலையத்தின் இரட்டைப் புகைபோக்கிகள். ஆகஸ்டு மாதம், என் உடம்பில் ஸ்வெட்டர், கடல் சாம்பல் நிறம், வானமும் அதே நிறம்.

மறுநாள் இரவு தேநீர் அறையில் சண்டை சூடு பிடித்தது. வழக்கம்போல யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: “பிளாக்ராக் ஸ்டேஷனில் அரை மணி நேரம் ரயிலுக்குக் காத்து நின்றால் நான்கூடக் கலிஃபோர்னியாவைப் பற்றிப் பாடுவேன்.” ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போர்ட்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார், கிளார்க்கும் சிரித்தாள். இருவரும் தங்கள் கட்சிக்குத்தான் வெற்றி என்று நினைத்தார்கள். டோஸ்ட் தட்டு என் பக்கம் நகர்ந்தது. அதற்குப் பிறகு தேர்தல், பாதிரியார், கால்பந்து என்று எதற்கும் என் கருத்தைக் கேட்காமல் விடமாட்டார்கள். இப்போது அதே போன்றதொரு அறையில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் அட்டையில் டிக் அடிக்கிறேன். கை கழுவுவதற்கு மட்டும் முதல் நாளே டிக் போட்டுவிடுவேன்.

த்ரில்ஸ் பையன்கள் 2004-இல் இரண்டாவது ஆல்பம் போட்டார்கள், 2007-இல் மூன்றாவது. முதல் ஆல்பத்தின் ஓட்டம் மற்றவற்றுக்கு இல்லை. அதற்குள் தேநீர் அறை வேறு குழுக்களுக்கு மாறிவிட்டது. வாதம் மட்டும் மாறவில்லை. ஃபான்டெய்ன்ஸ் டி.சி. என்ற குழு வந்தபோது, இதோ டப்ளின் உச்சரிப்பிலேயே பாடுகிறார்கள், இனியாவது வாயை மூடுவார்கள் என்று நினைத்தேன். மூடவில்லை. ஒருவர் மேற்கே மாயோ மாவட்டமாம், ஒருவர் மாட்ரிட்டில் வளர்ந்தவராம், இவர்கள் என்ன டப்ளின் என்று ஆரம்பித்தார்கள். எங்கிருந்து பாடினாலும் குற்றம். ஆகவே உங்கள் பழைய பாணிப் பையன்களை எண்ணிக் கவலைப்படாதீர்கள், அவர்கள் ஏச்சு வாங்கும் அளவுக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னைக் கேட்டால், பழைய பாட்டைப் பிடித்துப் பாடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் கொடை விழாக் கச்சேரி கேட்டு வளர்ந்தவள், என் தீர்ப்பை நம்ப வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கட்டாயம் போங்கள். போவதற்கு முன் இரண்டு பாட்டாவது கேட்டுவிடுங்கள், பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று என்று சின்னதாகச் சொல்ல ஏதாவது இருக்கட்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேடையில் துணைக்குழுதான் இருக்கும், அல்லது ஒருவருமே இருக்க மாட்டார்கள், அவசரப்பட வேண்டாம். டிக்கெட் காசைக் கொடுத்தால் அந்த மனிதர் வாங்க மாட்டார், மூன்று தடவை கொடுத்துப் பாருங்கள். கச்சேரி முடிந்து பப்புக்குப் போவார்கள். அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்கும் வாங்குவது முறை. நீங்கள் ஆரஞ்சு ஜூஸ்தான் குடிக்கிறீர்கள் என்பது கணக்கில் வராது, உங்கள் முறை வரும்போது மேசை முழுவதற்கும் பைன்ட், அதாவது பெரிய கிளாஸ் பீர், வாங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் முறை வருவதற்குள் நைசாகக் கிளம்பிவிட்டால் அது பத்து வருடம் பேசப்படும். பர்ஸில் பணம் இருக்கட்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்து வையுங்கள்.