கேரவன் கேள்வி–பதில்: வாசலில் ஒரு வலையறை

நம் தென்னாப்பிரிக்காவின் டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சின்னக் கேரவனின் வாசலோடு சேர்த்துக் கட்டும் வலையறை, அதாவது பக்கங்களில் கொசுவலை வைத்த துணிக்கூடாரம். நான்கு பேர் உள்ளே படுத்தால் திரும்ப இடமில்லாத கேரவனுக்கு அந்த அறைதான் கூடம், சாப்பாட்டு அறை, மழைநாளில் பிள்ளைகள் விளையாடும் இடம். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

பழைய 3.6 மீட்டர் கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம். பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. எந்த அளவு வலையறை வாங்குவது? — சாட்ஸ்வொர்த் வாசகர்

கடைக்குப் போகும் முன் மூன்று அளவுகளை எடுத்துவிடுங்கள் ஐயா. கேரவனின் பக்கச் சுவரில், கூரையோரமாக ஓர் அலுமினியப் பள்ளம் ஓடுகிறதல்லவா, அதைத்தான் ரெயில் என்கிறோம். முன்னும் பின்னும் அது வளைந்து இறங்கும். வளைவுகளை விட்டுவிட்டு, நேராக இருக்கும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். கூடாரத்தின் அகலம் அதைவிடக் குறைவாக இருக்கட்டும்; வளைவில் ஏறினால் கூரைத்துணி சுருங்கி நிற்கும். இரண்டாவது, தரையிலிருந்து ரெயில் வரை உயரம். கேரவனைச் சமதளத்தில் மட்டம் பார்த்து நிறுத்திய பிறகே இதை அளக்கவும். மூன்றாவது, கதவு எங்கே இருக்கிறது என்பது. கதவின் இருபுறமும் 30 செ.மீ.யாவது கூடாரத்துக்குள் வர வேண்டும், இல்லையென்றால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது துணியை உரசும்.

துணியின் மேல்விளிம்பில் தைத்திருக்கும் கயிற்றுக்கரை உங்கள் ரெயிலுக்குள் ஓடுமா என்பதையும் பார்க்க வேண்டும். அதே கனமுள்ள கயிற்றை ஒரு விரல் நீளம் வெட்டி ரெயிலில் விட்டுப் பாருங்கள். தளர்வாக ஓடி, கீழே இழுத்தால் வெளியே வராமல் இருந்தால் சரி.

நான்கு நாற்காலியும் ஒரு மேசையும் போட 2 மீட்டர் ஆழம் போதாது; 2.4 மீட்டர் வேண்டும். கேன்வாஸ் துணியும் இரும்புக் கம்பங்களும் சேர்ந்தால் 30 கிலோவை நெருங்கும். பயணத்தில் அந்த மூட்டையைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையில் வையுங்கள். கேரவனின் பின்கோடியில் போட்டால் மூக்கு எழும்பி, சாலையில் வண்டி வால் ஆட்டும். சின்ன வண்டியில் இது விளையாட்டல்ல.

கட்டுவதற்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அப்படியும் கோணலாக நிற்கிறது, கதவு ஜிப் மூட மறுக்கிறது. — டொங்காட் வாசகர்

ஜிப் மூடவில்லை என்றால் பழுது ஜிப்பில் இல்லை, முளை அடித்த வரிசையில் இருக்கிறது. எல்லா ஜிப்பையும் மூடிய பிறகே முதல் முளையை அடிக்க வேண்டும். திறந்து வைத்து அடித்தால், கதவின் இரு ஓரமும் அதனதன் இடத்தில் இறுகிப்போய்ப் பிறகு சேரவே சேராது.

முதலில் கேரவனை மட்டம் பார்த்து நான்கு மூலைத் தாங்கிகளையும் இறக்குங்கள். கூடாரம் ஏறிய பின் கேரவன் 2 செ.மீ. சாய்ந்தாலும் துணி முழுவதும் இழுபடும். ரெயிலை ஈரத்துணியால் துடைத்து, மெழுகுவத்தியை ஒருமுறை உள்ளே தேய்த்துவிடுங்கள். பாதி நேரம் வீணாவது மணலும் தூசியும் அடைந்த ரெயிலில்தான். துணியை நுழைக்கும் வாயில் கூர்முனை இருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள். கயிற்றுக்கரை கிழிவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நுழைவாயில் பக்கம் நின்று துணியை ரெயிலுக்கு நேராகத் தூக்கிக் கொடுக்க, மற்றவர் முன்னால் நின்று இழுக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் அடைத்துக்கொள்ளும். ரெயில் ஓடும் திசையிலேயே இழுங்கள். நடுக்கம்பத்தை முதலில் அரை உயரத்துக்கு நிறுத்தி, பிறகு இரு மூலைக் கம்பங்களை நிறுத்துங்கள். கேரவனை ஒட்டிய இரு பின்மூலைகளில் முளை அடித்து, அடுத்து முன்மூலைகளை எதிரெதிராக இழுத்து அடியுங்கள். நான்கு மூலையும் செங்கோணமாக வந்த பிறகே இடையில் உள்ள முளைகள். கம்பங்களை முழு உயரத்துக்கு ஏற்றுவது கடைசி வேலை. முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாக 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். பழகிய இரு கைகளுக்கு இது முக்கால் மணி நேர வேலை.

ஸ்காட்பர்க் கடற்கரை முகாமில் இரவுக் காற்றில் முளைகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டன. மணலில் என்ன செய்வது? — லெனேசியா வாசகர்

மெல்லிய கம்பி முளை மணலில் நிற்காது. அகலத் தகட்டு முளை, 40 செ.மீ. நீளத்துக்குக் குறையாமல் வேண்டும். மூலை இழுகயிறுகளுக்கு அதுவும் போதாது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதன் நடுவில் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மேலே மிதித்து இறுக்குங்கள். கயிற்றுக்கும் கூடாரத்துக்கும் நடுவில் ஒரு சுருள்வில் மாட்டினால், காற்று விட்டு விட்டு உதைக்கும்போது முளை அசைந்து தளராது.

அதைவிட முக்கியம், எந்தத் திசை பார்த்து நிறுத்துகிறீர்கள் என்பது. டர்பன் பக்கக் கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ, கரையை ஒட்டியே அடிக்கிறது. நம் நாட்டுக் கேரவன்களுக்குக் கதவு இடப்பக்கம். மூக்கைத் தென்மேற்கே திருப்பி நிறுத்தினால், இரண்டு காற்றும் கூடாரத்தின் குறுகிய பக்கத்தில்தான் மோதும். வலையறை தென்கிழக்கே கடலைப் பார்க்கும். மதியத்துக்குப் பிறகு மேற்கு வெயிலைக் கேரவனே மறைத்துக்கொள்ளும், காலை வெயில் மட்டும் உள்ளே வரும். ஒரே நிறுத்தத்தில் இரண்டு லாபம்.

குளிர்காலத்தில் உள்நாட்டிலிருந்து சூடாக பெர்க் காற்று வீசும் நாளில் ஏமாந்துவிடாதீர்கள். அது ஓய்ந்த கையோடு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று புரட்டும். காலையில் சூடான காற்று வீசுகிறது என்றால், இழுகயிறுகளை அப்போதே சரிபார்த்துவிடுங்கள். காற்று வரும் பக்கத்து மடல்களை மூடி, எதிர்ப்பக்கத்து வலையைத் திறந்து வையுங்கள். உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழி வேண்டும்.

நல்ல வலைதான். ஓட்டை ஒன்றும் இல்லை. ஆனாலும் ராத்திரி முழுக்கக் கொசு. எப்படி உள்ளே வருகிறது? — பீனிக்ஸ் வாசகி

வலை வழியாக வரவில்லை அம்மா. கேரவனுக்கு அடியிலிருந்து வருகிறது. வலையறையின் மூன்று பக்கமும் வலை இருக்கும். நான்காவது பக்கம் கேரவன் சுவர். அந்தச் சுவருக்குக் கீழே தரை வரை அரை மீட்டர் திறந்து கிடக்கிறதே! அடியில் நிழலும் ஈரமும் இருக்கும், பகல் முழுக்கக் கொசு தங்குவது அங்கேதான். பொழுது சாய்ந்ததும் உங்கள் காலடிக்கு நேராக வந்துவிடும்.

இதற்கென்று விற்கும் அடிப்பாவாடையை, கேரவன் அடிவிளிம்பில் உள்ள சிறிய ரெயிலில் ஓட்டி மாட்டலாம். அந்த ரெயில் இல்லாத பழைய வண்டியில், உறிஞ்சுகுப்பிகள் உள்ள கொக்கிகளை ஒட்டி, தார்ப்பாய்த் துண்டைத் தொங்கவிடலாம். சக்கரத்துக்குத் தனி மூடி வேண்டும். பாவாடையின் கீழ்விளிம்பு தரையில் 10 செ.மீ. படிந்து கிடக்க வேண்டும். அதன்மேல் மணல் நிரப்பிய துணிக்குழல் ஒன்றை நீளவாக்கில் வைத்துவிடுங்கள்.

அடுத்த வழி, கூடாரத்தின் பக்கச் சுவர் கேரவனைத் தொடும் செங்குத்து ஓரம். ஜன்னல் சட்டம், கைப்பிடி, விளக்கு என்று ஏதாவது துருத்திக்கொண்டு நிற்கும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். இரவில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள், வெளிச்சம் கீற்றாகத் தெரியும் இடமெல்லாம் கொசுவுக்கு வாசல். அங்கே நுரைப்பஞ்சுத் தலையணையைச் செருகி, பின்கம்பத்தால் சுவரோடு அழுத்திவிட வேண்டும். மூன்றாவது, தரையோர மடல். அதை உள்பக்கம் மடித்துத் தரைவிரிப்பை அதன்மேல் போடுங்கள். வெளியே மடித்தால் காற்று தூக்கிவிடும், மழைநீரும் உள்ளே ஓடும்.

சாதாரணக் கொசுவலையின் கண் ஏறத்தாழ 1.2 மி.மீ. கொசுவுக்கு அது போதும். கழிமுகத்தையும் சதுப்பையும் ஒட்டிய முகாம்களில் அந்தியில் மொய்க்கும் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி அதில் தாராளமாக நுழையும். அதற்கு இன்னும் நெருக்கமான வலை வேண்டும், ஆனால் நெருக்கம் கூடினால் காற்று குறையும். மேசைக்கடியில் ஒரு சிறு விசிறியை ஓடவிடுங்கள். கொசுவும் மிட்ஜும் வலிமையாகப் பறப்பவை அல்ல, விசிறிக்காற்றில் காலைத் தேடிப் பிடிக்க அவற்றால் முடியாது. உள்ளே மஞ்சள் நிற எல்.இ.டி. விளக்கு போதும், வெள்ளை விளக்கு வேண்டுமானால் 5 மீட்டர் தள்ளி வெளியே தொங்கட்டும்.

மொசாம்பிக் எல்லையை ஒட்டிய வடக்குப் பகுதிக்கோ குரூகர் வனவிலங்குப் பூங்காவுக்கோ போவதாக இருந்தால், இவை மட்டும் போதாது. அங்கே மலேரியா உண்டு, செப்டம்பர் முதல் மே வரை அதன் பருவம். பரப்பும் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். கிளம்பும் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை பற்றிக் கேளுங்கள். அந்தியில் கை கால் மூடிய உடையும் பூச்சித்தைலமும் வலையறைக்குள்ளும் வேண்டும்.

மழை என்றால் வலையறைக்குள்ளேயே சமைக்கலாமா? — பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

கேஸ் அடுப்பென்றால், எதிரெதிராக இரண்டு பக்க வலையாவது திறந்திருக்கும்போது மட்டும். மழை மடல்களை எல்லாம் இறக்கிவிட்டுச் சமைப்பது ஆபத்து அம்மா. கரி அடுப்பு எந்த நிலையிலும் உள்ளே வரக்கூடாது. பிராய் (வெளியில் தணலில் இறைச்சி சுடுவது) முடிந்து தணல் சாம்பல் பூத்த பின்னும் அது கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். மணமில்லை, புகையில்லை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று தணல் சட்டியை உள்ளே இழுத்து வைத்தால் தூக்கத்திலேயே உயிர் போகும்.

பலர் கவனிக்காத ஒன்று: உங்கள் குளிர்பெட்டி கேஸில் ஓடுவதா? அதன் புகைத்துளை கேரவனின் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்று பாருங்கள். கதவுப் பக்கமாக இருந்தால் அந்தப் புகை நேராக வலையறைக்குள் வருகிறது. கூடாரம் கட்டியிருக்கும்வரை அதை மின்சாரத்தில் ஓட்டுங்கள்.

முகாமின் நீலநிற மின்முனை 16 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 3,600 வாட். 2,000 வாட் கெட்டிலும் 2,000 வாட் மின்னடுப்பும் ஒரே நேரத்தில் ஓடினால் மின்சாரம் துண்டிக்கப்படும். நீட்டிப்புக் கம்பியைச் சுருளில் இருந்து முழுவதும் பிரித்துவிடுங்கள், சுருண்டே கிடந்தால் சூடேறி உருகும்.

தாளிப்பதும் பொரிப்பதும் வலையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி. வெடித்துத் தெறிக்கும் கடுகோடு ஒட்டிவரும் எண்ணெய்ப் பொட்டு வலையில் காய்ந்தால் பிசினாகிவிடும், தூசியெல்லாம் அங்கே ஒட்டும். அன்றைக்கே சோப்புத் தண்ணீரில் ஒற்றி எடுங்கள். வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவதானால் கூடாரத்துக்கு வெளியே, காற்று மறைவில் ஏற்றுங்கள்.

குரங்குகள் ஜிப்பைத் திறந்து உள்ளே வருகின்றன. — வெருலம் வாசகர்

நம் கரையோர வெர்வெட் குரங்குக்கு ஜிப் ஒரு பொருட்டே இல்லை. இரு ஜிப்புகளின் கைப்பிடியையும் சேர்த்து ஒரு சிறு கொளுவி வளையம் மாட்டுங்கள். வாழைப்பழமும் ரொட்டியும் கண்ணில் படும்படி மேசையில் இருந்தால் வலையைக் கிழித்துக்கொண்டே வரும், எனவே உணவெல்லாம் கேரவனுக்குள், ஜன்னல் மூடி. நம் வடகரையில் உள்ள செயின்ட் லூசியா ஊருக்குப் போவோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அங்கே இரவில் நீர்யானை ஊருக்குள் மேய வரும். ஜிப்பைத் திறக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

புதுக் கேன்வாஸ், முதல் மழையிலேயே தையலில் ஒழுகியது. கூரையில் தண்ணீரும் தேங்குகிறது. — ஸ்டாங்கர் வாசகர்

ஒழுகுவது குறையல்ல. பருத்தி நூல் நனைந்து ஊதினால்தான் ஊசித்துளை அடையும். வீட்டு முற்றத்தில் கட்டி, குழாயால் நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் நின்றுவிடும். முதல் முறை துணி சற்றுச் சுருங்கும், அதனால் அன்று கம்பங்களைத் தளர்வாக விடுங்கள்.

தேங்கும் தண்ணீர்தான் கம்பத்தை வளைக்கும். ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் 50 கிலோ! முன்கம்பங்களை ரெயிலைவிட 25 செ.மீ. தாழ்த்துங்கள். டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் கோடையில் மாலை இடிமழை வழக்கம் என்பதால், வெளியே போகும்போது ஒரு முன்மூலையை இன்னும் ஒரு சாண் இறக்கிவிட்டால் தண்ணீர் அந்த வழியே வடியும்.

மடித்து வைத்த கூடாரத்தில் கரும்புள்ளியும் வாடையும். — உம்சிந்தோ வாசகி

ஈரத்தோடு மடித்ததால் வந்த பூஞ்சை. மழையில் கிளம்ப நேர்ந்தால் தளர்வாகச் சுருட்டி எடுத்து வந்து, வீடு சேர்ந்ததும் மறுநாளுக்குள் விரித்துவிடுங்கள். வந்துவிட்ட புள்ளியை நன்றாகக் காயவைத்து, மென்மையான தூரிகையால் உதிர்த்து, வெறும் தண்ணீரில் கழுவுங்கள். பிளீச் ஊற்றினால் கறை வெளுக்கும், ஆனால் நூல் நைந்து, நீர்காப்புப் பூச்சும் போய்விடும். கழுவிக் காய்ந்த இடத்தில் நீர்காப்புத் திரவத்தைப் புதிதாகத் தடவ வேண்டும். கடற்கரைக்குப் போய் வந்த கூடாரம் என்றால், ஜிப்புகளை நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்ததும் பற்களில் மெழுகுவத்தி தேய்த்து, பாதி திறந்த நிலையில் மடித்து வையுங்கள்.