எச்சில் பட்ட நாடா

கேள்வி: வேலைப் பிரிவினைதான் செல்வத்துக்கு அடிப்படை என்றார் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித். முதலாளித்துவத்துக்கு உந்துதல் தந்தது மதம் என்றார் சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர். நம் மதம் வகுத்த சாதியும் ஒரு வேலைப் பிரிவினைதானே? குறை இருந்தாலும், யந்திரங்கள் வந்தபின் அது தானாக மறைந்துவிடாதா? – வாசகர், திருப்பூர்

பதில்: ஸ்மித்தைத் துணைக்கு அழைக்கிறீர்கள். அவர் உங்கள் பக்கம் வரமாட்டார். 10 பேர் வேலையைப் பங்கிட்டு ஒரே நாளில் 48,000 குண்டூசிகள் செய்ததை எல்லோரும் சொல்கிறோம். அதைச் சொல்லும், 1776-ல் வந்த 'நாடுகளின் செல்வம்' என்ற அதே நூலில் அவர் இந்துஸ்தானத்தைப் பற்றியும் பேசுகிறார். தகப்பன் தொழிலைத்தான் மகன் செய்ய வேண்டும், மாற்றினால் மகாபாவம் என்று மதம் கட்டிப்போட்ட இடத்தில், ஒரு தொழிலின் கூலியைத் தலைமுறை தலைமுறையாக அதன் இயல்பான அளவுக்குக் கீழே அமுக்கிவைக்க முடியும் என்கிறார். குண்டூசிப் பட்டறையில் கம்பி இழுத்தவரின் மகனும் கம்பிதான் இழுக்க வேண்டும் என்று எந்த வேதமும் விதிக்கவில்லை.

வேபரும் அப்படித்தான். அவர் முக்கியச் சான்றாகக் காட்டும் பியூரிட்டன் (கட்டுப்பாடு மிகுந்த ஆங்கிலேய புராட்டஸ்டண்ட் பிரிவு) போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டர், தொழிலைக் கடவுளின் அழைப்பு என்றார். கூடுதல் பயனுள்ள தொழில் கிடைத்தால் யோசித்து அதற்கு மாறலாம் என்றும் சொன்னார். மனுஸ்மிருதி என்ன சொல்கிறது? கீழ்ச்சாதிக்காரன் ஆசைப்பட்டு மேல்சாதியின் தொழிலால் பிழைத்தால், அரசன் அவன் சொத்தைப் பறித்து நாடு கடத்த வேண்டும் என்கிறது. இரண்டையும் 'மதம்' என்ற ஒரே சொல்லில் கட்டினால் எப்படி?

யந்திரத்துக்கு வருவோம். தறியில் பாவுக்குக் குறுக்கே ஊடை நூலைக் கொண்டு ஓடும் கருவிதான் நாடா. அதற்குள் இருக்கும் தார், அதாவது ஊடை நூல் சுற்றிய குச்சி, தீர்ந்ததும் புதுத் தாரைச் செருகி, நூல் முனையை அதன் கண் வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அன்றைய பம்பாய் ஆலைகளில் நாளெல்லாம் நடந்த வேலை இது. இங்கிலாந்தின் நெசவாலைப் பகுதியான லங்காஷயரிலும் அப்படித்தான் இழுத்தார்கள். நோய் தொற்றும் என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது. பம்பாயிலோ எழுந்தது வேறு பேச்சு: தீண்டப்படாதவர் எச்சில் பட்ட நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா? இப்படிக் கேட்டவர்கள் முதலாளிகள் அல்ல, சக தொழிலாளிகள். அதனால் கூலி அதிகமான நெசவுப் பிரிவின் கதவு தலித்துகளுக்கு மூடப்பட்டது. இங்கிலாந்திலிருந்து தறியை இறக்கினோம். அதில் நம் தீட்டை நாமே ஏற்றினோம். யந்திரம் சாதியைக் கரைக்கவில்லை, அதற்குப் புதிதாக ஓர் இடம் கொடுத்தது.

1928-ல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள் என்று சங்கத் தலைவர்களிடம் பிடிவாதமாக நின்றார் அம்பேத்கர். அரை மனதோடுதான் சேர்த்தார்கள். லாகூரில் ஒரு சாதி ஒழிப்புச் சங்கம் கூட்டவிருந்த மாநாட்டுக்காக எழுதி, பேசவிடாமல் தடுக்கப்பட்டு, 1936-ல் தன் கைக்காசில் அச்சிட்ட உரையில், சாதி வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அவர் எழுதினார். அந்த வரிக்குப் பின்னால் இந்த நாடாவும் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தக் கோரிக்கைக்கு ஆலை முதலாளிகள் சொன்ன பதில்: இது அநீதியே ஆனாலும் நாங்கள் உண்டாக்கியதல்ல. உண்டாக்கவில்லை, சரி. ஆனால் நெசவுக்குள் போக முடியாதவர்கள் குறைந்த கூலிக்கு நூற்புப் பிரிவிலேயே கிடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த லாபம் முதலாளிகளின் கணக்கில்தான் சேர்ந்தது.