பாட்டையாவைத் தேட முதலில் கடை விலாசம் வேண்டும்

தங்கச்சி, உங்கள் பாட்டையா சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கி வட்டிக்கடை நடத்திய கட்டடத்தில்) இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும், இங்குள்ள நூலகத்தில் அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நூலகத்துக்குப் போவதற்கு முன்னால் தேவகோட்டைக்கு ஒரு போன் போடுங்கள். அப்பச்சியிடம் (உங்கள் அப்பாவிடம்) இரண்டே கேள்வி: கடையின் விலாசம் என்ன? (விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை, கடைக்குப் பெயராக நிற்கும் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்.) பாட்டையா முதலாளியா, அல்லது முதலாளிக்காகக் கடையை நடத்திய மேலாளா?

நம் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயரை வைப்போம். அதனால் ஒரே காலத்தில் ஒரே ஊரில் பல ராமநாதன் செட்டியார்கள் இருப்பார்கள். பெயரை வைத்துத் தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும், எவர் நம்மவர் என்று தெரியாது. கடையைக் காட்டிக்கொடுப்பது விலாசம்தான். அது ஆங்கிலப் பத்திரிகையில் எப்படி அச்சாகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'பழ' என்பது பி.எல். ஆகும், 'அரு' ஏ.ஆர்., 'சித' சி.டி., 'ராம' ஆர்.எம். அந்த எழுத்துகளைப் புள்ளி வைத்து, புள்ளி இல்லாமல், இடைவெளி விட்டு, சேர்த்து என்று எல்லா விதமாகவும் தட்டிப் பாருங்கள். செட்டி, செட்டியார் இரண்டையும் போடுங்கள். பழைய அச்சைக் கணினி படித்த எழுத்துகள்தானே, பிழை நிறைய இருக்கும்.

தேட வேண்டிய இடம் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' இணையதளம். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல் மலாயா டிரிபியூன் வரை அதில் இருக்கின்றன. பழைய இதழ்களை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். செய்திப் பக்கத்தை விட விளம்பரப் பக்கம்தான் உங்களுக்குப் பொன். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன மேலாள் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்குத்தான் இருப்பார். அவர் ஊர் திரும்பும்போது முதலாளி கொடுத்திருந்த அதிகாரப் பத்திரம் ரத்தாகி, அடுத்து வருபவருக்குப் புதிதாக எழுதப்படும். பழைய ஆளோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக அதைப் பத்திரிகையில் அறிவிப்பாகப் போடுவார்கள். அப்படி ஒன்று அகப்பட்டால் பாட்டையா எப்போது வந்தார், எப்போது திரும்பினார், யாருக்காக இருந்தார் என்று மூன்றும் தெரிந்துவிடும். அடமானச் சொத்து ஏலங்களும் கோர்ட்டு வழக்குகளும் இதே மாதிரி உதவும்.

முதலாளியா மேலாளா என்று கேட்கச் சொன்னதும் இதனால்தான். வீட்டில் 'கடை வைத்திருந்தார்' என்று சொல்வார்கள். உண்மையில் அவர் இன்னொருவர் விலாசத்தில் மேலாளாகவோ, அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாளாகவோ இருந்திருக்கலாம். அதில் குறைவே இல்லை. பெட்டியடிப் பையனாக (கடையின் கடைநிலை உதவியாளாக) கப்பலேறி, கணக்குப் படித்து மேலே வந்த எத்தனையோ பேரால்தான் அந்தத் தொழில் நடந்தது. ஆனால் உங்கள் குடும்ப விலாசத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் அவர் கண்ணில் படவே மாட்டார்.

ஊர்ப் பெயர் வரும் இடத்தில் சிவகங்கை மாவட்டத்தைத் தேடாதீர்கள், அது 1985இல் வந்தது. 1910க்குப் பிறகு ராம்நாடு ஜில்லா என்றும் அதற்கு முன்னால் மதுரை ஜில்லா என்றும் இருக்கும்.

அதே தளத்தில் தமிழில் 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழும் 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு'ம் இருக்கின்றன. தமிழ் இதழ்களில் தேடுபெட்டியை நம்புவதை விட, தேதி வாரியாகப் பக்கம் புரட்டுவதே பலன் தரும் என்பது என் எண்ணம். தைப்பூசம், பங்குனி உத்திரம் ஒட்டிய இதழ்களை எடுங்கள். நகரத்தார் 1859இல் கட்டிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலைச் சுற்றித்தான் அவர்கள் வாழ்க்கையே இருந்தது.

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்துக்கும் ஒரு நாள் போங்கள். சிங்கப்பூர், தென்கிழக்காசியா பற்றிய நூல்கள் 11ஆம் மாடியில். அங்கேயே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டாம், ஆனால் அந்த நூல்களை இரவல் தர மாட்டார்கள். மேசையில் இருக்கும் நூலகரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் கிட்டங்கியில் வாழ்ந்தவர்கள் பேசியதையும் கேட்கலாம். அந்தக் கட்டடங்கள் இடிபட்டுப் பல காலம் ஆகிவிட்டது, இனி அந்தக் குரல்களில்தான் அவற்றைப் பார்க்க முடியும்.

ஒன்று மட்டும் எந்த நூலகத்திலும் கிடைக்காது. வருடக்கணக்கில் தனியாக வீட்டை நடத்திய பாட்டியைப் பற்றி இந்தப் பத்திரிகைகளில் ஒரு வரி இருக்காது. அவர் இருப்பது முறைச்சிட்டையில் (சீர்வரிசை, முறைகளின் பட்டியலில்), இசைகுடிமானத்தில் (திருமணப் பத்திரத்தில்), வரவு செலவுக் குறிப்புகளில், பெட்டக அறையில் கட்டிக் கிடக்கும் கடிதங்களில். எனக்கு உண்மையில் பதைப்பது இதைப் பற்றித்தான். வளவு வீட்டை (பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய முற்ற வீட்டை) பங்கு பிரித்து இடிக்கும்போது தூணையும் நிலையையும் விலை பேசி விற்கிறார்கள், பேரேடும் கடிதமும் எடைக்குப் போகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு லட்சம் அளவில் நூல்களும் தாள்களும் சேர்த்து வைத்தாரே, கல்யாணப் பத்திரிகை, நோட்டீசு எதையும் அவர் குப்பை என்று தள்ளவில்லை. அதனால்தான் இன்று சென்னை தரமணியில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் நிற்கிறது. ஊருக்குப் போகும்போது அங்கேயும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

அதுவரை அப்பச்சியிடம் சொல்லி, அறையில் இருக்கும் கட்டுகளைப் பிரிக்காமல், வரிசை மாற்றாமல் அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு (மேலாளின் வேலை ஒப்பந்தம்) இருந்தால் முதலில் அதை. விலாசம் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், சனிக்கிழமை 11ஆம் மாடிக்குச் சேர்ந்தே போவோம்.