பேசினா சரியாயிடுமா? வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து, பதிமூன்று வருஷமாக மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பேச்சு சிகிச்சை பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. அதுவே முதலில்.

கொருக்குப்பேட்டை, வயது 24: மேடம், மொத நாள் உள்ள போனா இன்னா நடக்கும்? படுக்க வெச்சு கேள்வி கேப்பாங்களா? எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. அழுதுட்டா அசிங்கமாயிடும்.

படுக்கையெல்லாம் சினிமாவோடு சரி தம்பி. என் அறையில் ரெண்டு நாற்காலி, ஒரு ஃபேன், அவ்வளவுதான். முதல் நாள் பெரும்பாலும் விசாரிப்பிலேயே போய்விடும். என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார், குடி உண்டா, முன்னால் மாத்திரை எடுத்ததுண்டா. 'செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா' என்று நேராகவே கேட்போம். பயந்துவிடாதே, எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். முதலில் வாரம் ஒரு தடவை வரச் சொல்வோம்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் அதையே சொல்லி ஆரம்பி, போதும். அழுதால் காத்திருப்பேன். என் அனுபவத்தில் அழுகிறவர்களைவிட, அப்பா செத்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம்தான் நான் இன்னும் கவனமாக இருக்கவேண்டியிருக்கிறது. ஒன்று மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி களைப்பாக இருக்கலாம், சில பேருக்கு மனசு முன்பைவிடக் கனமாகக்கூட இருக்கும். மூடி வைத்திருந்ததைத் திறந்தால் அப்படித்தான். முடிந்தால் அன்றைக்கு நைட் ஷிஃப்ட் வைத்துக்கொள்ளாதே.

காசிமேடு: பேசத்தானே போறோம்? பிரண்டு கிட்ட டீக்கடையில பேசுனா பத்து ரூபாயோட முடிஞ்சிடும். துட்டு குடுத்து எதுக்குப் பேசணும்?

நல்ல கேள்வி. நம்ம பக்கத்தில் பேச ஆளுக்குப் பஞ்சமே கிடையாது, தெருவே வந்து உட்காரும். ஆனால் சாயங்காலம் டீக்கடையில் சொன்னது மறுநாள் குழாயடியில் கேட்கும், அதற்கடுத்த நாள் உங்கள் மாமியார் காதில் விழும். இன்னொன்று, நண்பனிடம் பேசும்போது அவன் முகத்தையும் பார்த்துக்கொண்டே பேசுகிறோம். ரொம்பப் புலம்புகிறோமோ, இவனுக்கே ஆயிரம் கடன் இருக்கே என்று பாதியில் நிறுத்திவிடுவோம். அவனும் 'விடு மச்சி' என்பான். இங்கே கேட்கிறவரை நீங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

வெறும் பேச்சும் இல்லை, வேலை வாங்குவோம். பல பேர் கதையைக் கலந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவர். காலையில் சூப்பர்வைசர் இவர் வணக்கத்துக்குத் தலையாட்டவில்லை. 'வேலையவிட்டுத் தூக்கப் போறாங்க' என்று மனசு முடிவு கட்டிவிட்டது. வயிறு கலக்கி, மதியமே லீவு போட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். லீவு போட்டதற்குத் திட்டு விழுந்தது. 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்றது மனசு. அவரிடம் ஒரு கோடு போட்ட நோட்டு கொடுத்து, என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, உடம்பில் என்ன செய்தது, அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்று அன்றன்றைக்கு எழுதச் சொல்வோம். மூணு வாரத்தில் அவரே சிரிப்பார், 'மேடம், அவரு யாருக்குமே தலையாட்ட மாட்டாராம்' என்று. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய முறை இது. சிபிடி, அதாவது காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் போனில் வாய்ஸ் மெசேஜாகப் பதிந்துகொண்டு வருவார், அதுவும் சரிதான்.

'அவன விட்டுடு', 'வேலைய மாத்து' என்று நான் தீர்ப்புச் சொல்வேன் என எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். அதற்கு உங்கள் பெரியப்பா இருக்கிறார்.

வண்ணாரப்பேட்டை: எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம வரணும். அவரு வந்து கேட்டா சொல்லிடுவீங்களா?

மாட்டேன் அம்மா. நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல மாட்டேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இந்த ரகசியத்தை உங்கள் உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. விதிவிலக்கு உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் வாய் திறந்தாக வேண்டும். குழந்தையிடம் யாராவது பாலியல் கொடுமை செய்வது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆகணும். நீதிமன்றம் உத்தரவிட்டாலும் அப்படித்தான். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டியது எங்கள் கடமை. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கும்போது எதிரில் நான் வந்தால், நீங்கள் சிரிக்காமல் நான் சிரிக்க மாட்டேன். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள்.

வியாசர்பாடி: கையில காசு இல்ல. ஸ்டான்லில பாப்பாங்களா? கீழ்ப்பாக்கம்னு பேரு எடுத்தாலே பசங்க கிண்டல் பண்றாங்க.

ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். கூட்டம் இருக்கும், டாக்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார் என்று நினைத்துப் போகாதீர்கள். 'சைக்காலஜிஸ்ட் கிட்ட தனியா பேசணும்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் கிடைப்பது கஷ்டம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் அரசு மருத்துவமனைதான், 1794இல் தொடங்கியது. அந்தப் பேரை வைத்து தலைமுறை தலைமுறையாகக் கிண்டல் பண்ணுகிறார்கள், அங்கே காலையில் வந்து மருந்து வாங்கிக்கொண்டு மதியம் கடை திறக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை.

ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416. டெலி மானஸ், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது.

தனியாரிடம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்து எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்த டாக்டர். நான் மருந்து எழுதக் கூடாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைத்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கவேண்டும். நம்பரைக் கேளுங்கள், கோபித்துக்கொள்கிறவரிடம் போகாதீர்கள். 'ஒரே சிட்டிங்ல சரி பண்றேன்' என்கிறவர் பக்கமே வேண்டாம்.

எண்ணூர்: 2023 டிசம்பர்ல கேஸ் லீக் ஆன ராத்திரி புள்ளைங்கள தூக்கிட்டு ஓடுனோம். இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருது, அந்த நெடி அடிக்கிற மாதிரியே இருக்கு. எல்லாம் உன் பிரமைன்றாங்க. பேசுனா போயிடுமா?

பிரமை என்று சொன்னவர் அன்று ராத்திரி உங்களோடு ஓடவில்லை. பெரியகுப்பத்தில் அம்மோனியா பரவியது நிஜம், மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனது நிஜம். அந்த நேரத்தைப் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொண்டு, மறுபடி வந்தால் ஓடத் தயாராக உங்கள் உடம்பு காவல் காக்கிறது. இப்படி வருகிறவர்களிடம் எடுத்த எடுப்பில் அந்த ராத்திரியைத் தோண்ட மாட்டேன். முழிப்பு வந்ததும் காலைத் தரையில் ஊன்றி, மூச்சை மெதுவாக விட்டு, 'இது இன்னைக்கு, அது அன்னைக்கு' என்று உடம்புக்குப் புரியவைக்கப் பழக்குவேன். அதில் கை பழகியபிறகுதான், நீங்கள் சரியென்றால், கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கதைக்குள் போவோம். தூக்கம் மீளும், நெடி வருவது குறையும். பலருக்குக் குறைந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் தொழிற்சாலை அங்கேயேதான் இருக்கும். 'பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது' என்று நான் சொன்னால் அது பொய். தெருக்காரர்கள் சேர்ந்து சைரன் கேட்டது, மனு கொடுத்தது எல்லாம் சரியான காரியம். அதை விட்டுவிட்டு என்னிடம் வரச் சொல்ல மாட்டேன், ரெண்டும் நடக்கட்டும்.

ராயபுரம்: எனக்குப் பேச்சுல கெட்ட வார்த்த வரும் மேடம். பரவாயில்லையா?

வரட்டும்.

பெரம்பூர்: அஞ்சு தடவ போயிட்டேன். ஒரு மாத்தமும் இல்ல. அவங்களும் தலையாட்டிட்டே இருக்காங்க. நிறுத்திடலாமா?

சொல்லாமல் நிறுத்தாதீர்கள், சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த தடவை உட்கார்ந்ததும் 'எனக்கு இது பிரயோஜனமா தெரியல, நாம எத நோக்கிப் போறோம்?' என்று கேளுங்கள். நல்ல ஆளாக இருந்தால் அந்தப் பத்து நிமிஷம்தான் அதுவரை நடந்ததிலேயே உருப்படியான பத்து நிமிஷமாக இருக்கும். மழுப்பினால் ஆளை மாற்றுங்கள். தையல்காரர் சரியில்லை என்றால் துணி உடுத்துவதையே விட்டுவிடுகிறோமா? பதட்டம், மனச்சோர்வு மாதிரியானவற்றுக்கு சிபிடி முறையில் பொதுவாக 12 முதல் 20 தடவை வரை ஆகும். அஞ்சு என்பது சீக்கிரம், ஆனால் எங்கே போகிறோம் என்றே தெரியாமல் இருப்பதற்கு அஞ்சு ரொம்ப அதிகம்.

என்னையே ஒருவர் இப்படிக் கேட்டார். அன்று முகம் சுருங்கிப்போச்சு. அவர் சொன்னது சரி என்று வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது.

திருவொற்றியூர்: பையனுக்கு 17 வயசு. ரூமவிட்டு வர்றதில்ல. பல் டாக்டர்னு சொல்லி கூட்டிட்டு வரட்டுமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. கதவைத் திறந்ததும் அவனுக்குப் புரிந்துவிடும், அப்புறம் என்னையும் நம்ப மாட்டான், உங்களையும் நம்ப மாட்டான். முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள். அவனிடம் 'நான் போறேன், எனக்குத் தூக்கம் வரல' என்று உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். பதினெட்டு ஆகாததால் உங்கள் சம்மதம் வேண்டும்தான், ஆனால் அவன் என்னிடம் பேசியதையெல்லாம் அப்படியே உங்களிடம் ஒப்பிக்க மாட்டேன். அவன் சாகிற மாதிரிப் பேசினாலோ கையைக் கிழித்துக்கொண்டாலோ இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

புளியந்தோப்பு, ஆட்டோ ஓட்டுகிறவர்: போன்லயே பண்ணலாமா? வீட்ல ஒரே ரூம், ஆறு பேரு.

பண்ணலாம் அண்ணா. மொட்டை மாடி தண்ணி டேங்க் பின்னாடியிருந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு பின் சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார். சவாரி ஆப்பை அணைத்துவிடுங்கள், நடுவில் மணி அடிக்கும். பீச் ஓரமாக நிறுத்தினால் காத்து இரைச்சலில் பாதி கேட்காது, ஹெட்செட் மைக்கைச் சட்டைக்குள்ளே விட்டுக்கொள்ளுங்கள்.