சனிக்கிழமை அப்பா

அன்புள்ள அக்கா,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். மனைவி தனியார் வங்கியில் வேலை பார்க்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து கோவில்பட்டியில் அம்மா வீட்டில் இருக்கிறாள். எனக்கு இரவு பதினொன்று வரை அமெரிக்க கிளையன்ட்டோடு கால். இந்த வருடம் பதவி உயர்வு வரும் போலிருக்கிறது. கம்பெனியில் அப்பாக்களுக்குப் பத்து நாள் லீவு உண்டு, பிரசவத்தோடு எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதன்பிறகு வேலையையும் குழந்தையையும் எப்படிச் சமாளிப்பது? பயமாக இருக்கிறது.

க., சென்னை

அன்புள்ள க.,

பயம் இருப்பது நல்லதுதான். வளைகாப்பு முடிந்ததும் ‘இனி அவங்க அம்மா பாத்துப்பாங்க’ என்று நிம்மதியாகிவிடுகிற ஆண்கள்தான் இங்கே அதிகம்.

முதலில் அந்தப் பத்து நாள். ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். பிரசவத்தின்போது மனைவியோடு ஆஸ்பத்திரியில் இருங்கள், அதற்கு மூன்று நான்கு நாள். அப்புறம் கோவில்பட்டி வீட்டில் ஆள் நிறைந்திருக்கும். மாமியார் பத்தியம் சமைப்பார், பாட்டி காலில் போட்டுக் குளிப்பாட்டுவார், ஒரு சித்தி பிரசவ மருந்து கிளறுவார். மாப்பிள்ளைக்கு வேளாவேளைக்குக் காபி வரும். உங்களுக்கு அங்கே வேலையே இருக்காது.

மீதி நாட்கள் வேண்டியிருப்பது அவள் வேலைக்குத் திரும்பும்போது. 2017இல் சட்டத்தைத் திருத்தி 12 வாரமாக இருந்த மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கினார்கள். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்திருந்தால் பிறகு 18 வாரம்தான். நாலு மாதக் குழந்தையை விட்டுவிட்டு அவள் வங்கிக்குக் கிளம்பவேண்டும். அந்த வாரத்தில் வீட்டில் இருக்கவேண்டியவர் நீங்கள். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை எடுக்கலாம். தனியார் வேலையில் கம்பெனி வைத்ததுதான் விதி. அதனால் பிரித்து எடுக்கலாமா, எத்தனை மாதத்துக்குள் என்று எச்.ஆரிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது இடைப்பட்ட மாதங்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் அழைத்து வருவார்கள். அதுவரை சனிக்கிழமை காலையில் ரயிலிறங்கி, ஞாயிறு இரவு பெட்டியைத் தூக்குகிற அப்பாவாக இருப்பீர்கள். குழந்தை எதற்கு அழுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பிறகு சென்னைக்கு வந்ததும் ‘இவருக்கு ஒண்ணும் தெரியாது’ என்பது நிலைத்துவிடும், உங்களுக்கும் அது வசதியாகிவிடும். வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி இருந்தால் மாதம் ஒரு வாரமாவது கோவில்பட்டியிலிருந்து பாருங்கள். பதினொன்று வரை எப்படியும் விழித்திருக்கப் போகிறீர்கள். அதற்குமேல் ஒரு மணி வரை குழந்தை உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் கொடுப்பது அவள், தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது நீங்கள். மாமியார் ‘நீங்க போய்ப் படுங்க மாப்பிள்ளை’ என்பார். படுக்காதீர்கள்.

தடுப்பூசி 6, 10, 14ஆவது வாரங்களில் வரும். குழந்தை பிறந்த அன்றே இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து மேனேஜருக்கு அனுப்பிவிடலாம். ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரலாம், அன்றைக்குக் கிளையன்ட்டோடு கால் கிடையாது. தயங்காதீர்கள். நவம்பரில் அமெரிக்கக்காரர்கள் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றினால் உங்கள் டீம் மொத்தமும் ஒரு மணி நேரம் கூடுதலாக விழித்திருக்கிறது. யாராவது முணுமுணுத்தார்களா?

பதவி உயர்வு தள்ளிப்போகுமா? போகலாம். போகாது என்று நான் சொன்னால் பொய். அந்தக் கணக்கை வீட்டில் இரண்டு பேருமாக உட்கார்ந்து போடுங்கள். உங்கள் கடிதத்தில் உங்கள் பதவி உயர்வு இருக்கிறது, வங்கியில் அவளுக்கு வரவேண்டியது பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று ராத்திரி போனில் கேட்டுவிட்டு, அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.