மே 14-க்குள் ஐம்பது புள்ளி: வீட்டிலிருந்து படித்தே தேற்றிவிடலாமா?

கேள்வி: அமெரிக்க ராணுவ ரிசர்வில் இருக்கிறேன். மாணவர் விசாவில் இருந்தபோது, தமிழ் தெரியும் என்ற தகுதியை வைத்து 2010-ல் மாவ்னி திட்டம் வழியாகச் சேர்ந்தவன். நாலு வருஷம் முழுநேரப் பணி, அதன் பிறகு ரிசர்வ். ஓய்வூதியத்துக்குச் செல்லும் 'நல்ல வருஷம்' (ஐம்பது புள்ளியாவது எடுத்த வருஷம், இப்படி இருபது வேண்டும்) 14 கையில் இருக்கிறது. அப்பாவின் சிகிச்சைக்காக அடிக்கடி மதுரைக்குப் போய்வர வேண்டியிருந்ததால், போன செப்டம்பரில் யூனிட்டை விட்டு, யூனிட் இல்லாமல் பெயர் மட்டும் ரிசர்வில் இருக்கும் ஐ.ஆர்.ஆர். பட்டியலுக்கு மாறிக்கொண்டேன். அதற்கு முன் நாலு வார இறுதி ட்ரில் போனதில் 16 புள்ளி. ஐம்பதுக்கு இன்னும் 34 வேண்டும். தொலைவழிப் படிப்புகள் மூலமாகவே அதை எடுத்துவிடலாம் என்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் ஐந்து நாள் பயிற்சி ஆர்டர் ஒன்று இருக்கிறது. அங்கே இரவில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து மொத்தமாக முடித்துவிடலாம் என்று திட்டம். என் வருஷம் மே 14-ல் முடிகிறது என்கிறார் ஒருவர். செப்டம்பர் 30 வரை நேரம் இருக்கிறது என்கிறார் பழைய சார்ஜெண்ட். இதற்கிடையில் ஒரு ஆலோசகர் 400 டாலர் கொடுத்தால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்? (ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் அந்த 400 டாலரைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மே 14 என்று சொன்னவர்தான் சரி. செப்டம்பர் 30 என்பது அரசின் நிதியாண்டு முடிவு. யூனிட்டில் ட்ரில் அட்டவணை, சம்பளம், வருடாந்திரப் பயிற்சி எல்லாம் அந்தக் கணக்கில் ஓடுவதால், இருபது வருஷம் சீருடை போட்ட சார்ஜெண்டுகள்கூட ஓய்வூதியப் புள்ளிக்கும் அதே கணக்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வூதிய வருஷம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. நீங்கள் சேவையில் நுழைந்த தேதியை ஒட்டி ஓடுவது. இடைவெளி விடாமல் முழுநேரப் பணியிலிருந்து ரிசர்வுக்கு வந்தவருக்கு அந்தப் பழைய தேதியே தொடரும். உங்கள் புள்ளிக் கணக்குத் தாளை, அதாவது டிஏ 5016 படிவத்தை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் வருஷம் எந்தத் தேதியில் தொடங்கி எதில் முடிகிறது என்று பாருங்கள். மே 15-ல் தொடங்கி மே 14-ல் முடிந்தால் பேச்சு முடிந்தது. மே 15 அன்று முடிக்கிற படிப்பு அடுத்த வருஷத்துக் கணக்கில் போய் உட்காரும். இந்த வருஷத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து, உங்கள் கூட்டலில் ஒரு பெரிய தொகை விடுபட்டிருக்கிறது. ரிசர்வில் செயல்நிலையில் இருக்கிறவர் எதுவும் செய்யாமலே வருஷத்துக்கு 15 உறுப்பினர் புள்ளி பெறுவார். யூனிட்டிலிருந்து ஐ.ஆர்.ஆர்.க்கு மாறியதால் அது அறுபடாது, இரண்டுமே செயல்நிலைதான். ஆக 16-ம் 15-ம் 31. அப்புறம் அந்த ஐந்து நாள் ஆர்டர். பணி ஆர்டரில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. அந்த ஐந்தைச் சேர்த்தால் 36. உங்களுக்குத் தேவை 34 இல்லை, 14. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற அளவுக்கு நிலைமை மோசமில்லை.

இந்த 14-ஐப் படித்து எடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. ராணுவ ரிசர்வில் நெடுநாளாகப் புழங்கிவரும் கணக்கு, மூன்று கிரெடிட் மணிக்கு ஒரு புள்ளி. கிரெடிட் மணி என்பது நீங்கள் கணினி முன் உட்கார்ந்த நேரம் இல்லை. படிப்புப் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு எதிரே அச்சிட்டிருக்கும் எண். ஒன்பது மணி என்று போட்டிருக்கும் பாடத்தை இரண்டு மணியில் முடித்தாலும் ஒன்பதுதான், இருபது மணி நேரம் மல்லாடினாலும் ஒன்பதுதான். 14 புள்ளிக்கு 42 மணி. ஆனால் 42-ஐக் குறிவைக்காதீர்கள். நான்கு மணிக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டு 56 மணிக்குப் படிப்பை எடுங்கள். ஏதாவது ஒரு பாடம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, முன்பே படித்தது, சான்றிதழில் மணி விவரம் இல்லை என்று எங்காவது ஒரு குமாஸ்தா ஒன்றைத் தள்ளிவிடுவார். 49 புள்ளியில் நின்ற வருஷங்களை நான் பார்த்திருக்கிறேன். 49-ம் ஒன்பதும் ஒன்றுதான், அந்த வருஷம் இருபதில் சேராது. இந்த ஐம்பது என்ற எண், ரிசர்வ் ஓய்வூதியத்தை உண்டாக்கிய 1948-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

இப்போது உங்கள் ஓட்டல் அறைத் திட்டம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நிறையப் பேர் விழுகிற குழி இதுதான். பணி ஆர்டரில் இருக்கும் நாட்களில் படிப்புக்குப் புள்ளி கிடையாது. பகலில் பயிற்சி, இரவு என் சொந்த நேரம், அதில் என் சொந்த மடிக்கணினியில் படித்தேன் என்று வாதாடுவார்கள். செல்லாது. ஆர்டர் என்பது காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை இல்லை. ஆர்டர் தொடங்கும் தேதியிலிருந்து முடியும் தேதி வரை இருபத்து நாலு மணி நேரமும் நீங்கள் பணியில் இருப்பவர்தான். அந்த நாளுக்கு உரிய ஒரு புள்ளியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். பயணத்துக்கென்று ஆர்டரில் ஒரு நாள் சேர்த்திருந்தால் அதுவும் இதில் அடக்கம். அதாவது ஆர்டர் ஏப்ரல் 21 முதல் 25 வரை என்றால், 20-ம் தேதி இரவு முடித்த பாடத்துக்குப் புள்ளி உண்டு, 21-ம் தேதி அதிகாலை முடித்த பாடத்துக்கு இல்லை, 26 அன்று முடித்தால் மறுபடி உண்டு. பாதிப் பாடத்தை முன்பே படித்து வைத்துவிட்டு, கடைசித் தேர்வை மட்டும் 23-ம் தேதி இரவு எழுதினால்? சான்றிதழில் விழுவது 23-ம் தேதிதான். போச்சு. முழுநேர ரிசர்வ் பணியில் வருஷம் முழுக்க ஆர்டரில் இருப்பவர்கள் இந்தப் படிப்புப் புள்ளி பற்றிப் பேசவே தேவையில்லாததும் இதனால்தான். எனவே அந்த ஐந்து நாளும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். படிப்பை மார்ச்சுக்குள், முடியாவிட்டால் ஏப்ரல் நடுவுக்குள் முடித்துவிடுங்கள்.

எதைப் படிப்பது? 56 மணிக்கும் ஒரே பெரிய படிப்பாக எடுக்க ஆசை வரும். வேண்டாம். ஐந்து மணி, எட்டு மணி, பன்னிரண்டு மணி என்று சின்னப் பாடங்களாக எடுங்கள், முடிந்ததெல்லாம் முடிந்ததாக உங்கள் பெயரில் நிற்கும். ஒரு காலத்தில் இவையெல்லாம் வர்ஜீனியாவிலிருந்து தபாலில் புத்தகமாக வந்தன. பின்பக்கத்து விடைத்தாளைக் கிழித்துப் பென்சிலால் வட்டத்தை நிரப்பி அனுப்பினால், மதிப்பெண் சில வாரம் கழித்து வீட்டுக்கு வரும். இப்போது எல்லாம் இணையத்தில். கல்லூரிப் பாடம், ஆன்லைனில் காசு கட்டிப் படிக்கும் தனியார் சான்றிதழ் எதற்கும் இந்தப் புள்ளி இல்லை. ராணுவம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். வருஷா வருஷம் எல்லோரும் சொடுக்கித் தள்ளுகிற கட்டாயப் பாடங்களையும் நம்பி உட்காராதீர்கள்.

இன்னொரு குழப்பம்: பதவி உயர்வுப் புள்ளி வேறு, ஓய்வூதியப் புள்ளி வேறு. இரண்டுக்கும் ஒரே படிப்பு உதவலாம், ஆனால் மணிக்கு எத்தனை என்ற கணக்கு வேறு, எழுதி வைக்கும் ஏடும் வேறு. "இந்தப் படிப்புக்கு எனக்கு இத்தனை வந்தது" என்று நண்பர் சொன்னால், எந்தப் புள்ளி என்று கேளுங்கள். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

சரி, ஆலோசகருக்கு வருவோம். இந்த ஆசாமிகள் மூன்று ரகம். ஒரு ரகம், உங்கள் புள்ளிக் கணக்கை 'ஆய்வு' செய்து தருவதாகக் காசு வாங்கும். உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற அதே டிஏ 5016-ஐ உங்களிடமிருந்தே வாங்கி, வண்ணப் பென்சிலில் கோடு போட்டுத் திருப்பித் தரும். இரண்டாவது ரகம் விடைகளை விற்கும். மூன்றாவது உங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு உங்களுக்குப் பதிலாக உட்கார்ந்து படித்துத் தரும். "எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாக" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொற்களில் எனக்கு மூன்றாவது ரகத்தின் வாடைதான் அடிக்கிறது.

இது புதுசு ஒன்றும் இல்லை. ராணுவத் தொலைவழித் தேர்வுகளின் விடைகளை இணையத்தில் வைத்துப் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாக இறக்கிக்கொண்டதை 2007-ல் பாஸ்டன் குளோப் நாளிதழ் அம்பலப்படுத்தியது. அப்போது குலைந்த பெயர் இன்னும் முழுசாகத் தேறவில்லை. ஒரே வாரத்தில் நூறு மணிப் படிப்பை ஒருவர் முடித்தால் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வேறொருவர் படித்ததை நான் படித்தேன் என்று அரசு ஏட்டில் ஏற்றுவது பொய்ப் பதிவு. ராணுவச் சட்டத்தில் 107-வது பிரிவு இருக்கிறது, பொதுக் கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவும் இருக்கிறது. 14 நல்ல வருஷத்தை வைத்துக்கொண்டு 14 புள்ளிக்காக அந்தப் பக்கம் போவானேன்? கடவுச்சொல்லை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். உங்கள் சமூகக் காப்பு எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் அந்தத் தளங்களில்தான் இருக்கின்றன.

படிப்பதைவிடப் பெரிய வேலை, படித்ததை ஏட்டில் ஏற்றுவது. ராணுவத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. படிப்பை நடத்தும் கணினிக்கு நீங்கள் தேறியது தெரியும். புள்ளியை வைத்திருக்கும் கணினிக்குத் தெரியாது. இரண்டும் ஒரே ராணுவத்தின் கணினிகள். தானாக ஏறும் என்று சொல்வார்கள். பலருக்கு ஏறுகிறது, உங்களுக்கு ஏறாமல் போகிற வருஷம்தான் உங்களுக்கு அது தேவைப்பட்ட வருஷமாக இருக்கும். யூனிட்டில் இருந்தவரை அலுவலகத்தில் ஒரு நிர்வாகி இருந்தார், கத்தியாவது காரியம் சாதிக்கலாம். ஐ.ஆர்.ஆர்.காரருக்குக் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் இருக்கும் மனிதவளத் தலைமையகம்தான் யூனிட், தெய்வம் எல்லாம். போதாக்குறைக்கு, ஐ.ஆர்.ஆர்.க்கு மாறியவரிடம் பெரும்பாலும் சிப் வைத்த அடையாள அட்டை இருக்காது. அந்த அட்டை இல்லாமல் கதவைத் திறக்காத தளங்கள் நிறைய. புள்ளிக்குப் படிப்பைத்தான் நம்பவேண்டிய ஆளுக்குப் படிப்புக்குள் நுழையும் வழி கடினம்! இதை வடிவமைத்தவர் ஒரு நாளாவது ஐ.ஆர்.ஆர்.இல் இருந்திருப்பாரா தெரியவில்லை. அதனால் முதல் வேலையாக, இந்த வாரமே உள்ளே நுழைய முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். நுழைய முடியாவிட்டால் அதைச் சரிசெய்யவே சில வாரம் ஆகலாம்.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் சான்றிதழை அங்கேயே தரவிறக்குங்கள். அதில் நாலு விஷயம் இருக்கிறதா பாருங்கள்: உங்கள் பெயர், பாடத்தின் எண், கிரெடிட் மணி, முடித்த தேதி. மணி இல்லையென்றால் பட்டியலில் அந்தப் பாடத்தின் பக்கத்தையும் படமெடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே கடிதமாக, மணிகளைக் கூட்டி, ராணுவ ஒழுங்குமுறை 140-185-ஐக் குறிப்பிட்டுத் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். தேதி கடந்துவிட்டால் ஏற்ற முடியாது என்று பயப்பட வேண்டாம். முடித்த தேதி மே 14-க்குள் இருந்தால் போதும், ஏட்டில் ஏறுவது பிறகு நடக்கலாம். ஆனால் பத்து வருஷம் கழித்து அந்தத் தளமே இருக்காது, உங்கள் கையிலுள்ள தாள்தான் இருக்கும்.

இந்தப் படிப்பால் ஓய்வூதியம் கொழுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய ஓய்வூதிய முறையில் மொத்தப் புள்ளியை 360-ஆல் வகுத்து, வருஷத்துக்கு 2.5 சதவீதம் என்று பெருக்குவார்கள். உங்கள் அடிப்படைச் சம்பளச் சராசரி மாதம் 5,000 டாலர் என்று வைத்தால், ஒரு புள்ளியின் விலை மாதத்துக்கு ஏறக்குறைய 35 சென்ட். உங்கள் 14 புள்ளிக்கு 5 டாலருக்கும் குறைவு. 2018-ல் வந்த கலப்பு முறைக்கு மாறியிருந்தால் 2 சதவீதம்தான், இன்னும் குறையும். அறுபது வயதில்தான் பணம் வரும். ரிசர்வில் இருந்தபடி நீண்ட நாள் பணி ஆர்டரில் போனவர்களுக்கு அந்த வயது குறையும், ஆனால் படிப்புப் புள்ளி அதை ஒரு நாள்கூடக் குறைக்காது. ட்ரில், உறுப்பினர், படிப்பு போன்ற, பணி ஆர்டர் இல்லாத வகைப் புள்ளிகளுக்கு வருஷத்துக்கு 130 என்று ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. நீங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. உங்களுக்கு இதில் லாபம் ஒன்றே ஒன்று: 14 நல்ல வருஷம் 15 ஆகும். இல்லாவிட்டால் இருபதை எட்ட இன்னொரு வருஷம் கூடுதலாகப் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு.

ஒருவேளை ஐம்பது எட்டாமல் போனாலும், எடுத்த புள்ளிகள் அழிந்துவிடாது. அந்த வருஷம் இருபதில் சேராதே தவிர, புள்ளிகள் மொத்தக் கூட்டலில் நிற்கும், பின்னால் பணமாகும். ஏப்ரல் நடுவில் எண்ணிப் பார்த்து ஒன்றிரண்டு குறைகிறது என்று தெரிந்தால், பக்கத்தில் உள்ள ரிசர்வ் யூனிட்டில் இறந்த வீரர்களுக்கான இறுதி மரியாதைக் குழுவுக்கு ஆள் தேவையா என்று கேளுங்கள். பெரும்பாலும் தேவைப்படும். குறைந்தது இரண்டு மணி நேரப் பணி, அந்த நாளுக்கு ஒரு புள்ளி. முறையான உத்தரவு எழுத்தில் கையில் கிடைத்த பிறகே சீருடையை இஸ்திரி போடுங்கள்.