சிக்னல் கோடு ஐந்தும் எரிகிறது, வேகம் ஏன் வரவில்லை?

கேள்வி: வீட்டில் சிம் போடும் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறேன். பெட்டியில் '256 க்யூஏஎம்' என்று போட்டிருக்கிறது. சிக்னல் கோடு ஐந்தும் எரிந்தாலும் ராத்திரியில் வேகம் 15 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவதில்லை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி -78, எஸ்ஐஎன்ஆர் 6 என்று காட்டுகிறது. '1024 க்யூஏஎம்' மாடல் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டாவது எண்ணில்தான் கோளாறு இருக்கிறது. ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம்; எஸ்ஐஎன்ஆர் என்பது இரைச்சலையும் மற்ற டவர்களின் குறுக்கீட்டையும்விடச் சிக்னல் எவ்வளவு ஓங்கி இருக்கிறது என்பது, அதாவது தெளிவு.

ரேடியோ அலையின் வீச்சையும் கட்டத்தையும் (ஃபேஸ்) மாற்றித்தான் தகவலை ஏற்றுகிறார்கள்; இந்த முறைதான் க்யூஏஎம். இதைப் புள்ளிக் கோலமாக நினைத்துக்கொள்ளுங்கள். 16 க்யூஏஎம் என்றால் 4-க்கு 4 புள்ளி, 256 என்றால் அதே வாசலில் 16-க்கு 16, 1024 என்றால் 32-க்கு 32. ஒவ்வொரு முறையும் டவர் ஒரு புள்ளியைக் காட்டுகிறது, எந்தப் புள்ளி என்று ரவுட்டர் கண்டுபிடிக்க வேண்டும். 16-இல் ஒரு புள்ளிக்கு 4 பிட், 64-இல் 6, 256-இல் 8, 1024-இல் 10. புள்ளிகள் நெருங்க நெருங்க, கொஞ்சம் இரைச்சல் கலந்தாலும் பக்கத்துப் புள்ளியோடு குழம்பிவிடும். ஒவ்வொரு படி ஏறவும் எஸ்ஐஎன்ஆர் ஏறக்குறைய 6 டெசிபல் கூட வேண்டும். 256 க்யூஏஎம் நிலைத்து ஓட 20-க்கு மேல் இருந்தால் நல்லது. 6 டெசிபலில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 16 க்யூஏஎம்தான்.

எந்த மாடுலேஷன், அதாவது எத்தனை புள்ளிக் கோலம், என்பதை முடிவு செய்வது டவர். ரவுட்டர் சில மில்லிநொடிகளுக்கு ஒருமுறை சிக்னலின் தரத்துக்கு 0 முதல் 15 வரை ஒரு மதிப்பெண் அனுப்புகிறது. அதைப் பார்த்து, முதல் முயற்சியில் பத்தில் ஒன்று பிழையானாலும் பரவாயில்லை என்ற கணக்கில் டவர் படியைத் தேர்ந்தெடுக்கிறது. பெட்டியில் அச்சடித்திருப்பது உச்சவரம்பு மட்டுமே. எல்டிஇ-க்கு, அதாவது 4ஜி-க்கு, 1024 க்யூஏஎம் வந்தது மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 15-ஆம் வெளியீட்டில். டவரும் அதை ஆதரித்து, சிக்னலும் பளிச்சென்று இருந்தால்கூட 256-ஐவிட 25 சதவீதம்தான் கூடுதல். பெட்டியில் அச்சடிப்பவர்களுக்குப் பெரிய எண் மேல் தனி ஆசை!

சரி, -78 இருந்தும் எஸ்ஐஎன்ஆர் ஏன் 6? கோடுகள் பெரும்பாலும் சிக்னலின் பலத்தைத்தான் காட்டும், தெளிவைக் காட்டாது. 4ஜி-யில் ஒரே நிறுவனத்தின் அக்கம்பக்கத்து டவர்கள் பொதுவாக ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. உங்கள் வீடு இரண்டு டவர்களுக்கு நடுவில் இருந்தால் இரண்டும் பலமாகக் கேட்கும், ஒன்றையொன்று கெடுக்கும். ராத்திரியில் பக்கத்து டவரில் ஆள் கூடினால் இன்னும் மோசம்.

அதனால் ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள், கோடுகளைப் பார்க்காமல் எஸ்ஐஎன்ஆரை மட்டும் கவனித்து. டிவி ஸ்டாண்டிலிருந்து எடுத்து ஒவ்வொரு ஜன்னலிலும் சில நிமிடம் வையுங்கள். ஒரு மூலையில் ஆர்எஸ்ஆர்பி -92-க்கு இறங்கி, எஸ்ஐஎன்ஆர் 17-க்கு ஏறினால் அந்த மூலைதான் வேண்டும். நடுவில் இருக்கும் கான்கிரீட் சுவர் தொல்லை தரும் டவரை மறைத்து உங்களுக்கு உதவுகிறது என்று அர்த்தம். வெளி ஆன்டெனா மாட்டும் துளை இருந்தால், எல்லாத் திசையிலும் பிடிக்கும் வகையை வாங்காமல், ஒரு திசையை மட்டும் நோக்கும் பேனல் ஆன்டெனாவை வாங்குங்கள். புது ரவுட்டரைவிட இது பலன் தரும். ரவுட்டரில் பேண்டை, அதாவது அலைவரிசையை, ஒன்றில் மட்டும் பூட்டும் வசதி இருந்தால் 850 மெகாஹெர்ட்ஸை விட்டு 1800 அல்லது 2300-ஐயும் சோதியுங்கள். 850 வெகுதூரம் போகும் என்பதால் தூரத்து டவர்களும் வந்து கலக்கும்.

எஸ்ஐஎன்ஆர் 20-ஐத் தொட்ட பிறகும் பகலில் நன்றாக ஓடி ராத்திரி மட்டும் படுத்தால், அது டவரில் நெரிசல். அதற்கு எந்த ரவுட்டராலும் வழியில்லை. செலவு செய்வதற்கு முன் வேறு நிறுவனத்தின் சிம்மைக் கடனாக வாங்கி, அதே ராத்திரி நேரத்தில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.